டெல்டாவில் தனிமனித சுதந்திரக் கல்விக் காணொளி அறக்கட்டளை: தொடங்கி நடத்த முழுமையான வழிகாட்டி

தனிமனித சுதந்திரத்தைப் பற்றிக் கல்விக் காணொளிகள் எடுத்து, அவற்றை நன்கொடையில் நடத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வரும் இளைஞர்களில் பலர், கேமராவை வாங்கிவிட்டுத்தான் பத்திரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அதற்குள் ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் நன்கொடை சேர்ந்திருக்கும்; பணம் கொடுத்த ஒருவர் அடுத்த காணொளியின் தலைப்பையும் சொல்லியிருப்பார்.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். சுதந்திரத்தைப் பேசும் அமைப்பு தன் சொல்லுக்குத் தானே பொறுப்பாளியாக இருக்க வேண்டுமானால், அதற்கான விதிகளைப் பணம் வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். பணம் வந்தபின் எழுதப்படும் விதியில் பணம் கொடுத்தவரின் நிழல் விழாமல் இருப்பது அரிது. ஆகவே கீழே உள்ள படிகளை மாற்றிச் செய்ய வேண்டாம்.

தொடங்கும் முன் உறுதி செய்ய வேண்டியவர்கள்: அறங்காவலராக இருக்க இசையும் மூன்று முதல் ஐந்து பேர், அறக்கட்டளைக் கணக்குப் பார்த்துப் பழகிய ஓர் ஆடிட்டர், ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் வாசித்துத் திருத்தித் தர ஒப்புக்கொண்ட ஒரு வழக்கறிஞர், தெளிவான தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர். கருவிகளைப் பற்றி எட்டாவது படி வரை யோசிக்கத் தேவையில்லை.

1. ஒரு பக்கக் கொள்கை அறிக்கை

எந்தச் சுதந்திரங்களைப் பற்றிப் பேசுவோம், எதைப் பேச மாட்டோம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி அறங்காவலர் அனைவரும் கையொப்பமிட வேண்டும். பேச்சு, நடமாட்டம், தொழில், சொத்து, மனச்சான்று, திருமணத் தெரிவு, கைதின்போது உள்ள உரிமைகள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ‘சுதந்திர விழிப்புணர்வு’ என்று பொதுவாக எழுதினால், பிறகு எந்தத் தலைப்பையும் அதற்குள் திணிக்க இடம் கிடைத்துவிடும்.

அடுத்து, அந்தச் சுதந்திரம் யாரிடமிருந்து காக்கப்பட வேண்டியது என்பதையும் எழுத வேண்டும். அரசின் உரிமத்தையும் தடையையும் மட்டும் பேசும் அமைப்பு டெல்டாவின் தொழிலாளர் தெருக்களில் நம்பிக்கை பெறாது. பண்ணையாள் முறை இருந்த மண் இது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைத் தங்கள் குடும்பத்துச் செய்தியாகச் சொல்பவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். நிலக்கிழாரும் சாதியும் குடும்பமும் ஒருவரைக் கட்டுப்படுத்துவதும் சுதந்திரத்தின் கேள்விதான். மறுபுறம், சாதியை மட்டும் பேசி, உரிமத்துக்காக அலையும் சிறு வணிகரை விட்டுவிட்டால் பாதி ஊர் விலகிவிடும்.

இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவது முரண் என்று சிலர் தயங்குகிறார்கள். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வந்தது; ‘பர்மிட், லைசென்ஸ் ராஜ்யம்’ என்று சாடி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவரும் அவரே. இந்த இரு அக்கறைகளும் ஒரே தலையில் இருக்க முடியும்.

செய்யாதவற்றின் பட்டியலும் அதே பக்கத்தில் வர வேண்டும்: எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆதரவு இல்லை, நிலுவையில் உள்ள வழக்கின் நியாய அநியாயத்தைப் பற்றிக் கருத்து இல்லை, தனிநபர் வழக்குகளை எடுத்து நடத்துவது இல்லை. கடைசியாகச் சொன்னதை எழுதாமல் விட்டவர்களின் அலுவலகம் ஆறே மாதத்தில் மனு எழுதும் இடமாகி, காணொளி வேலை நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

2. அமைப்பின் வடிவம்

மூன்று வழிகள் உள்ளன. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து பொது அறக்கட்டளை தொடங்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கம் அமைக்கலாம். நிறுவனங்கள் சட்டம், 2013இன் 8ஆவது பிரிவின் கீழ் இலாப நோக்கற்ற நிறுவனம் பதியலாம்.

சிறிய குழுவுக்கு அறக்கட்டளையே பொருந்தும் என்பது என் முடிவு. சங்கத்தில் உறுப்பினர் சேர்க்கையும் தேர்தலும் உண்டு; உள்ளூர்க் கோஷ்டி ஒன்று உறுப்பினர்களைச் சேர்த்து நிர்வாகத்தைப் பிடித்துவிட்டால் கொள்கை அறிக்கை காகிதமாகிவிடும். நிறுவனத்தில் ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்களின் செலவு, தொடக்கக் காலத்தில் ஒரு காணொளியின் செலவையே விழுங்கக்கூடும்.

அறங்காவலரில் பெரும்பான்மையினர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. நிறுவனருக்கோ அவருடைய உறவினருக்கோ நியாயமான அளவைத் தாண்டிப் பலன் போனால் அந்தத் தொகைக்கான வருமான வரி விலக்கு போய்விடும். தம்பி படத்தொகுப்புச் செய்கிறார், அவருக்குச் சம்பளம் என்றால், அதே வேலைக்கு வெளியாள் இருவரிடம் விலைப்புள்ளி வாங்கிக் கோப்பில் வைத்து, அந்தத் தம்பியின் உறவினரான அறங்காவலர் கலந்துகொள்ளாத கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்.

3. பத்திரத்தின் நோக்க வாசகம்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். பத்திர எழுத்தரிடம் போனால் அவரிடம் இருக்கும் பழைய நகலில் பெயரை மட்டும் மாற்றித் தந்துவிடுவார். அதில் முதியோர் இல்லமும் கோசாலையும் இருக்கும், உங்கள் வேலை இருக்காது.

வருமான வரிச் சட்டம், 1961இன் 2(15) பிரிவு ‘கல்வி’ என்பதை அறச்செயலாக ஏற்கிறது. ஆனால் அந்தச் சொல் முறையான கற்பித்தலையே குறிக்கிறது, அறிவு பெறும் எல்லா வழிகளையும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் 1975இல் கூறியது. இணையத்தில் காணொளி வெளியிடுவது அந்தக் குறுகிய பொருளுக்குள் வராது என்று அதிகாரி சொல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே ‘பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கம்’ என்ற வகையிலும் பொருந்தும்படி வாசகத்தை எழுத வேண்டும்.

இந்த இரண்டாம் வகைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வணிகத் தன்மையுள்ள வரவு, அந்த ஆண்டின் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. யூடியூப் விளம்பர வருமானம், பிறருக்காகக் கட்டணம் வாங்கிக் காணொளி எடுத்துத் தருவது ஆகியவை இந்தக் கணக்கில் வரக்கூடும் என்பதால், நன்கொடையே முதன்மை வரவு என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

‘செய்தி’, ‘நடப்பு நிகழ்வுகள்’ ஆகிய சொற்களை நோக்க வாசகத்தில் சேர்க்க வேண்டாம். மின்னணு வழியில் செய்தியோ நடப்பு நிகழ்வு நிகழ்ச்சியோ தயாரிக்கும் அமைப்பு வெளிநாட்டு நன்கொடை பெறுவதை வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 தடுக்கிறது. நீங்கள் செய்வது சட்டக் கல்வி, உரிமைக் கல்வி. அதை அப்படியே எழுதினால் போதும். வாசகத்தில் எழுதாமல் இருந்தால் மட்டும் போதாது, நடைமுறையிலும் அன்றாடச் செய்தி அலசல் பக்கம் போகாமல் இருக்க வேண்டும்.

இவற்றோடு, அறக்கட்டளை திரும்பப் பெற இயலாதது, கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்கே சேரும், நிதி இந்தியாவுக்குள் செலவிடப்படும் என்ற மூன்று வாசகங்களும் இருக்கின்றனவா என்று கையொப்பத்துக்கு முன் விரல் வைத்துப் பாருங்கள். இவை இல்லாத பத்திரத்துக்கு வரிப் பதிவு கேட்டால் திருத்தப் பத்திரம் போட்டு வரச் சொல்வார்கள்.

4. பான் அட்டை, வங்கிக் கணக்கு, வரிப் பதிவு

பத்திரம் பதிந்ததும் அறக்கட்டளையின் பெயரில் பான் அட்டை, அதன்பின் வங்கிக் கணக்கு, அதன்பின் வரிப் பதிவு என்பதே வரிசை. கணக்கு திறக்கும்வரை ஒரு ரூபாய் நன்கொடையும் வாங்க வேண்டாம். நிர்வாக அறங்காவலரின் கைபேசி எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பச் சொல்வது எளிதுதான். அந்தப் பணம் சட்டத்தின் கண்ணில் அவருடைய சொந்த வரவாகவே முதலில் தெரியும், பின்னால் விளக்கம் சொல்லும் சுமை அவர் தலையில் விழும்.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருமான விலக்குக்கு 12ஏபி, நன்கொடையாளரின் வரிக் கழிவுக்கு 80ஜி என்று இரண்டு தனிப் பதிவுகள். முதலில் படிவம் 10ஏ வழியாகத் தற்காலிகப் பதிவு மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும். பலர் இதோடு வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். பணியைத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதத்துக்கு முன், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் படிவம் 10ஏபி போட்டு முறையான பதிவு கேட்க வேண்டும். முதல் காணொளி வெளியான நாளைப் பணி தொடங்கிய நாளாகக் கொண்டு கணக்கிடுங்கள்.

வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. அதில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. ஆகவே ரசீதிலும் கடிதத்திலும் அச்சிடும் முன் அன்றைய எண்ணை ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

5. நன்கொடை வாங்கும் முறை

ஒவ்வொரு பெரிய நன்கொடையாளரிடமும் ஒரு கடிதத்தில் கையொப்பம் வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: ‘இந்தத் தொகையை அறக்கட்டளையின் பொது நோக்கத்துக்காக அளிக்கிறேன். காணொளியின் தலைப்பு, உள்ளடக்கம், பங்கேற்பவர், வெளியிடும் நேரம் ஆகியவற்றில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. வெளியான காணொளி எனக்கு உடன்பாடில்லை என்பதால் தொகையைத் திருப்பிக் கேட்க மாட்டேன்.’ கையொப்பமிடத் தயங்குபவரிடம் பணம் வாங்காமல் இருப்பதே நல்லது. பின்னால் வரும் மனக்கசப்பு அந்தத் தொகையைவிடப் பெரிதாக இருக்கும்.

ஆண்டு வரவில் கால் பங்குக்கு மேல் ஒரே கையிலிருந்து வரக் கூடாது என்றும் விதி வையுங்கள். இது சட்டம் சொல்வதல்ல, என் பரிந்துரை. தனியார் பள்ளி நடத்தும் ஒருவரே பாதிச் செலவைத் தாங்கினால், பெற்றோர் உரிமை பற்றிய காணொளி அவர் சொல்லாமலேயே மென்மையாகிவிடும். எழுதுபவரின் கை தானாக அடங்குவதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

நம் பக்கத்தில் கோயில் குழல்விளக்கிலும் ‘உபயம்’ என்று பெயர் எழுதிப் பழக்கம். காணொளியின் தொடக்கத்தில் பெயர் போடச் சொல்லி அன்போடு கேட்பார்கள். போடக் கூடாது. கந்துவட்டி பற்றிய காணொளியில் ஒரு நிதி நிறுவன உரிமையாளரின் பெயர் வந்தால் பார்ப்பவர் அடுத்த சொல்லைக் கேட்கமாட்டார். ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியல் வெளியிட்டு அதில் பெயரைப் போடுங்கள்.

பெயரே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்களுடைய பெயரை வெளியிடாமல் இருக்கலாம், ஆனால் பதிவேட்டில் பெயரும் முகவரியும் பான் எண்ணும் இருந்தே ஆக வேண்டும். யார் தந்தது என்று காட்ட முடியாத தொகை, சட்டம் விட்டுவைக்கும் அளவைத் தாண்டினால் 30 சதவீத வரிக்கு உள்ளாகும். திரையிடல் அரங்கில் உண்டியல் வைப்பது இதனால்தான் வேண்டாம்.

80ஜி கழிவைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கும் அந்தக் கழிவு இல்லை. ‘வரி மிச்சமாகும்’ என்று மட்டும் சொல்லி வாங்கிவிட்டு மறு ஆண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போகும்.

வெளிநாட்டுப் பணம் டெல்டாவில் தனிக் கவனம் கேட்கும் விஷயம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் உறவினர் இல்லாத தெரு இங்கே குறைவு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கடவுச்சீட்டு நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், பிறந்தது கும்பகோணமே ஆனாலும், வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவரே. அவரிடம் உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது.

உள்துறை அமைச்சகத்தின் அந்தப் பதிவைக் கேட்க அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்று ஆண்டில் முதன்மைப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் வேண்டும். கிடைத்தபின் அந்தப் பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்கில்தான் வர வேண்டும்; நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ‘மாமா கணக்கில் போடச் சொல்லி, அவர் நமக்குத் தரட்டும்’ என்ற யோசனை அடிக்கடி வருகிறது. அது சட்டமீறல். நல்ல நோக்கம் அதற்கு விலக்குத் தராது.

6. தலைப்புத் தேர்வு

‘பேச்சுச் சுதந்திரம் என்றால் என்ன’ என்ற தலைப்பில் எடுக்கப்படும் காணொளியைப் பெரும்பாலும் எடுத்தவர்களின் நண்பர்களே பார்க்கிறார்கள். ‘ஊராட்சித் தலைவரைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் போலீஸ் கூப்பிடலாமா’ என்று தொடங்கினால் ஊர் பார்க்கும். ஒரு காணொளிக்கு ஒரு நிலைமை, ஒரு உரிமை. இரண்டாவது உரிமை உள்ளே நுழைந்தால் அதை அடுத்த காணொளிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

முதல் ஆண்டுக்கு நான் பரிந்துரைப்பவை: கைதும் 24 மணி நேரமும், தெருவோர வணிகம், வயது வந்தவரின் திருமணத் தெரிவு, தகவல் உரிமை மனு, நிலம் கையகப்படுத்தல். இவை அனைத்துக்கும் உறுதியான சட்டமும் தெளிவான தீர்வு வழியும் உள்ளன. இட ஒதுக்கீடு, மதமாற்றம் போன்றவற்றையும் பேசத்தான் வேண்டும், ஆனால் அமைப்பின் நேர்மையை ஊர் அறிந்தபின்.

7. ஸ்கிரிப்ட் எழுதுதல்

மொத்த உழைப்பில் பாதி இங்கே போக வேண்டும். ஆறு முதல் எட்டு நிமிடக் காணொளிக்கு இந்த ஒழுங்கு போதும்: நிலைமை, உரிமை, அந்த உரிமையின் வரம்பு, மீறப்பட்டால் போக வேண்டிய இடம், கடைசியில் அமைப்பின் கருத்து. வரம்பைச் சொல்லாமல் விடுவதே மிகக் கேடான தவறு. பார்ப்பவர் அரைகுறை உரிமையை நம்பி நடந்து சிக்கிக்கொள்வார்.

தெருவோர வணிகத்தை எடுத்துக்கொள்வோம். டெல்டா நகரம் ஒன்றின் கடைவீதியில் தள்ளுவண்டியில் கொய்யா விற்கும் ஒரு பெண்ணின் வண்டியை ஊழியர்கள் எடுத்துச் செல்கிறார்கள். இது நிலைமை. தெருவில் வணிகம் செய்வது அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவுக்குள் வரும் என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இது உரிமை. அதே அரசமைப்பின் 19(6) நியாயமான கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது. எந்த இடத்திலும் நிரந்தரமாக உட்காரும் உரிமை அல்ல இது என்பது வரம்பு.

பிறகு பார்ப்பவர் கையில் பிடிக்கக்கூடியதைக் கொடுக்க வேண்டும். தெருவோர வணிகர் சட்டம், 2014இன்படி கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை ஏற்கெனவே உள்ள வணிகரை வெளியேற்றக் கூடாது. வெளியேற்றவோ இடம் மாற்றவோ 30 நாள் அறிவிப்பு வேண்டும். எடுத்த பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும். கேட்டால் அழுகும் பொருளை அன்றே, மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கொய்யாவுக்கு ‘அன்றே’ என்ற சொல்தான் உயிர். ஸ்கிரிப்டில் அந்தச் சொல் தனி வரியாக, சற்று நிறுத்திச் சொல்லும்படி வர வேண்டும்.

எழுதி முடித்தபின் சட்டம் சொல்வதை நீல மையிலும், அமைப்பின் கருத்தைப் பச்சை மையிலும் அடிக்கோடிடுங்கள். நீல வரி ஒவ்வொன்றின் ஓரத்திலும் பிரிவு எண்ணோ வழக்கின் பெயரோ ஆண்டோ இருக்க வேண்டும். பச்சை வரிகள் ‘எங்கள் கருத்து’ என்று வாயால் சொல்லித் தொடங்க வேண்டும். நிறம் தீட்ட முடியாத வரி பெரும்பாலும் ஆவேசமாகத்தான் இருக்கும், அதை எடுத்துவிடலாம்.

வழக்கறிஞர் வாசிக்கும்போது திரும்பத் திரும்பச் சிக்கும் பிழைகள் சில உண்டு.

‘கைதான 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியே ஆக வேண்டும்’ என்று எழுதுவார்கள். அரசமைப்பின் 22ஆவது பிரிவு பயண நேரத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தடுப்புக் காவலுக்கு அந்த விதியே பொருந்தாது. குண்டர் சட்டம் என்று மக்கள் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தில் ஒருவரைப் பன்னிரண்டு மாதம் வரை வைக்க முடியும். அங்கே ஆலோசனைக் குழுவும் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும்தான் வழி. இதைச் சொல்லாத காணொளி, குண்டர் சட்டத்தில் மகன் உள்ளே இருக்கும் தாய்க்குப் பொய்யான நம்பிக்கை தரும்.

சொத்துரிமை அடிப்படை உரிமை என்று எழுதுவார்கள். 44ஆவது திருத்தத்துக்குப்பின், 1979 ஜூன் முதல், அது 300ஏ பிரிவில் உள்ள அரசமைப்பு உரிமை. நேரே உச்ச நீதிமன்றத்துக்கு 32ஆவது பிரிவில் போக முடியாது, உயர் நீதிமன்றத்துக்கு 226இல் போகலாம். அது அடிப்படை உரிமையாகத் திரும்ப வேண்டும் என்பது உங்கள் கருத்தானால் பச்சை வரியில் தாராளமாகச் சொல்லுங்கள்.

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை இன்னும் உயிரோடிருப்பதாகச் சொல்வார்கள். அதை 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய எண்களைச் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடைமுறையில் உள்ளன. பழைய எண் மக்கள் வாயில் இருப்பதால், புதிய எண்ணைச் சொல்லிப் பழையதை ஒருமுறை நினைவூட்டலாம்.

8. படப்பிடிப்பு

கைபேசிக் கேமரா போதும். நல்ல காலர் மைக்கும் முக்காலியும் முதலில் வாங்குங்கள், ஏனெனில் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கூடப் புரியாத ஒலியைப் பொறுக்கமாட்டார்.

டெல்டாவில் ஒலி பெரும் பிரச்சினை. பம்புசெட்டு, மாவு மில், ஆடியிலும் சித்திரையிலும் அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி எல்லாம் மைக்கில் ஏறும். பேசுபவர் பகுதியை நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில், மின்விசிறியை நிறுத்தி, அதிகாலையில் எடுத்தால் ஸ்டுடியோ தேவைப்படாது. மூட்டைகள் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். பதிவு தொடங்கும் முன் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் ஒலியை மட்டும் பதிந்து வைத்துக்கொண்டால், படத்தொகுப்பில் வெட்டுகளை மூட உதவும்.

பருவத்தையும் பாருங்கள். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும்போதோ, தை, மாசியில் சம்பா அறுவடையின்போதோ விவசாயத் தொழிலாளரிடம் பேட்டி கேட்டு நிற்பது முறையல்ல, அன்றைய கூலி போய்விடும். அறுவடை முடிந்த பங்குனிதான் ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிப்புற வேலையை வைக்க வேண்டாம். அந்த மாதங்களை ஸ்கிரிப்டுக்குக் கொடுங்கள்.

பேசுபவரின் பின்சுவரைக் கவனியுங்கள். பெரும்பாலான வீட்டுச் சுவர்களில் ஒரு நாள்காட்டி தொங்கும். அதில் கட்சித் தலைவரோ சாதிச் சங்கமோ நகைக்கடையோ இருக்கும். உங்கள் சொல்லைவிட அந்த நாள்காட்டியை ஊர் முதலில் படிக்கும். கழற்றி வைக்க வீட்டாரிடம் அனுமதி கேளுங்கள், முடிந்ததும் அதே ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள்.

பேட்டி தருபவரின் ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், வாசித்துக் காட்டப்பட வேண்டும். முகம் காட்ட விரும்பாதவரின் கைகளை மட்டும் படமெடுக்கலாம். சிறுவர் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை எந்த வகையிலும் வெளிப்படுத்தக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகியவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. முன் அனுமதி இல்லாமல் குழுவோடு போய் எடுக்க வேண்டாம்.

9. படத்தொகுப்பும் காப்புரிமையும்

திரைப்படக் காட்சி, திரைப்பாடல், செய்தித் தொலைக்காட்சித் துண்டு மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். நியாயமான பயன்பாட்டுக்குச் சட்டத்தில் இடம் இருந்தாலும், யூடியூபின் தானியங்கி முறை முதலில் முடக்கிவிட்டுத்தான் உங்கள் விளக்கத்தைக் கேட்கும். பாரதியின் வரிகளை யாரும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த வரிகளுக்குப் பின்னால் வந்த மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனி உரிமையாளர் இருக்கிறார். வரியை உங்கள் குழுவில் ஒருவர் வாசிக்கட்டும்.

தமிழ் வசன வரியை நீங்களே தட்டச்சு செய்து ஏற்றுங்கள். தானாக உருவாகும் வரிகளில் சட்டச் சொற்கள் சிதைந்துவிடும்; ஒலியை அணைத்துவிட்டுப் பேருந்தில் பார்ப்பவருக்கு அந்தச் சிதைந்த வரியே சட்டமாகிவிடும்.

10. முன்பார்வையும் வெளியீடும்

வெளியிடும் முன், அந்த நிலைமையில் உண்மையாகவே இருக்கக்கூடிய சிலருக்குக் காட்டுங்கள். ‘எப்படி இருந்துச்சு’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு தம்பி’ என்பார்கள், பயனில்லை. ‘அக்கா, நாளைக்கு உங்க வண்டியை எடுத்துட்டா முதல்ல யாருகிட்ட என்ன கேப்பீங்க’ என்று கேளுங்கள். ‘பட்டியல் கேப்பேன்’ என்று பதில் வந்தால் காணொளி தயார். வரவில்லை என்றால் குறை அவரிடம் இல்லை. அந்தப் பகுதியைத் திரும்ப எழுதுங்கள்.

விளம்பர வருமானத்தை இயக்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. 20 சதவீதக் கணக்கு ஒரு காரணம். பார்வை எண்ணிக்கை வருமானமாக மாறத் தொடங்கினால் தலைப்புகள் தாமாகக் காரம் ஏறும் என்பது இன்னொன்று. நீங்கள் இயக்காவிட்டாலும் யூடியூப் விளம்பரம் காட்டக்கூடும் என்பதை நன்கொடையாளர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பள்ளியில் திரையிட வேண்டுமானால் தலைமையாசிரியரின் வாய்மொழி சம்மதம் போதாது, கல்வித் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். தெருவில் ஒலிபெருக்கியோடு எந்த நிகழ்ச்சி வைத்தாலும் காவல் துறை அனுமதி தேவை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பிறர் தூக்கத்துக்கும் உரிமை உண்டு என்பதால் இந்த விதியை அரைமணி முன்பே கடைப்பிடியுங்கள்.

11. ஆண்டுக் கணக்கும் திருத்தமும்

ஆண்டு வரவில் 85 சதவீதத்தை அதே ஆண்டில் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். முடியாதபோது முறைப்படி படிவம் தாக்கல் செய்து ஒதுக்கி வைக்க வழி உண்டு, ஆனால் அதை மார்ச் மாத இறுதியில் யோசிக்கக் கூடாது. 1961ஆம் ஆண்டுச் சட்ட நடைமுறையில், நன்கொடை விவர அறிக்கையான 10பிடி மே 31க்குள் போக வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். அதை ஏற்றியபின் கிடைக்கும் 10பிஇ சான்றிதழை வைத்துத்தான் நன்கொடையாளர் கழிவு கேட்க முடியும், உங்கள் அச்சு ரசீதை வைத்து அல்ல. தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30க்குள்ளும், வருமான விவரம் அக்டோபர் 31க்குள்ளும் முடிய வேண்டும்.

கணக்கு முடிந்த கையோடு பழைய காணொளிகளை வழக்கறிஞரோடு மறுபடி பாருங்கள். சட்டம் மாறியிருந்தால் காணொளியை அழிக்க வேண்டாம், அந்த இணைப்பு ஏற்கெனவே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். திறந்தவருக்கு வெற்றுத் திரைதான் தெரியும். தலைப்பின் முன்னால் ‘பழையது’ என்று சேர்த்து, விளக்கக் குறிப்பின் முதல் வரியில் மாறிய பிரிவையும் மாறிய நாளையும் எழுதி, புதிய காணொளியின் இணைப்பை அதன் கீழே கொடுங்கள். பிழை சட்டம் மாறியதால் அல்லாமல் உங்களால் நேர்ந்ததென்றால், அந்தக் குறிப்பில் ‘தவறாகச் சொன்னோம்’ என்ற சொற்கள் இருக்க வேண்டும். திருத்தத்தை யூடியூபின் சமூகப் பதிவாகவும் வெளியிட்டு, அந்தக் காணொளியைத் திரையிட்ட பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் கடிதமாக அனுப்புங்கள்.